ஏழடி அலமாரி: தட்டும் ராடும் தொய்யாமல் இருக்க எங்கே தாங்கல் கொடுப்பது?

குழித்துறைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். களியக்காவிளைக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். படுக்கையறையில் துணி அலமாரிக்கென்றே சுவரை உள்வாங்கி விட்டிருக்கிறார்கள். அகலம் ஏழடி, ஆழம் இரண்டடி, ஏழடி உயரத்தில் கான்கிரீட் பெர்த் (பரண்). மூன்று பக்கமும் ஹாலோ பிளாக் சுவர், பூச்சு இன்னும் முடியவில்லை.

எங்கள் ஆசாரி சொல்லும் திட்டம் இது. ஆறடி உயரத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஆறு நூல் (முக்கால் இஞ்ச், 18 மி.மீ.) பிளைவுட்டில் ஒரே தட்டு. அதற்கடியில் முழு நீளத்துக்கு ஒரு இஞ்ச் ஸ்டீல் பைப். பாதியில் ஒரு தட்டு, அடியில் ஒரு தட்டு. எல்லாவற்றையும் ரெண்டு முனையிலும் எல் ஏங்கிள் வைத்துச் சுவரில் முடுக்கிவிடலாம் என்கிறார். நடுவில் எதுவும் நிற்காமல் இருந்தால்தான் திறந்ததும் பார்க்க லட்சணமாக இருக்குமாம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அக்கா வீட்டில் இதே மாதிரி செய்த தட்டு நடுவில் இறங்கி, இப்போது கீழே உள்ள கதவைத் திறந்தால் உரசுகிறது. அது ஐந்தடிதான், எங்களுடையது ஏழடி. பட்டுச்சேலை, பாலராமபுரம் நேரியது, இவருடைய சட்டை வேட்டி, பிள்ளைகளுடைய துணி எல்லாம் இதில்தான் போக வேண்டும். பலகையைக் கனமாகப் போட்டால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

---

செங்கோட்டை அண்ணாச்சி எழுதியது:

தங்கச்சி, ஆறு நூல் போதாது. எட்டு நூல், அதாவது 25 மி.மீ. பலகை வாங்குங்கள். ராடுக்கு உருண்டை பைப்புக்குப் பதில் ஓவல் பைப் போடுங்கள். நடுவில் தட்டிலிருந்து ஒரு கொக்கி இறக்கி ராடைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது. எங்கள் கடையில் ஹார்டுவேர் வாங்கிப் போகிறவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள், யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

ஓவல் பைப்பை நிமிர்த்தி வைக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. 30க்கு 15 மி.மீ. பைப்பைப் படுக்கையாக மாட்டினால் வளையாமல் நிற்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிச்சம். ராடு முனையை மாட்டும் சாக்கெட்டை ஆசாரி திருப்பி அடித்துவிட்டால் கதை கந்தல்.

---

பாறசாலை இன்ஜினியர் எழுதியது:

அண்ணாச்சி, திரும்பி வந்து சண்டை போடவில்லை என்பதற்காகத் தட்டு இறங்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஜனங்கள் பழகிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்.

துணி ஒரே சீராகப் பரவியிருக்கும் தட்டில், நீளம் இரட்டிப்பானால் தொய்வு பதினாறு மடங்கு. தடிமன் இரட்டிப்பானால் தொய்வு எட்டில் ஒன்று. நீளம் நான்கு தடவை பெருகுகிறது, தடிமன் மூன்று தடவைதான் பெருகுகிறது. அதனால் பலகையைத் தடிப்பாக்கி நீளத்தை ஜெயிப்பது கஷ்டம்.

இப்போது இந்த ஏழடியைப் பார்ப்போம். மடித்த துணி அடிக்கு 8 கிலோ என்று வையுங்கள். 20 இஞ்ச் ஆழமுள்ள 18 மி.மீ. பிளைவுட், ரெண்டு முனையில் மட்டும் தாங்கல் என்றால் நடுவில் கிட்டத்தட்ட நாலு செ.மீ. இறங்கும். அண்ணாச்சி சொல்கிற 25 மி.மீ. போட்டால் ஒன்றரை செ.மீ. இது முதல் நாள் கணக்கு. மரமும் பிளைவுட்டும் பாரத்தோடு இருக்க இருக்க மெல்ல மெல்ல மேலும் இறங்கும். சில வருடங்களில் இதே அளவு இன்னொரு பங்கு கூடலாம், மழைக்கால ஈரம் அதை வேகப்படுத்தும். அதே 18 மி.மீ. தட்டை மூன்று கண்ணாக, அதாவது மூன்று அறையாகப் பிரித்து 27 இஞ்ச் ஆக்கினால் அரை மி.மீ. கூட வராது.

பைப்பும் அப்படித்தான். ஒரு இஞ்ச் ஸ்டெயின்லெஸ் பைப், 1.2 மி.மீ. தகடு. ஐந்தடிக்குப் போட்டு 40 கிலோ தொங்கவிட்டால் ஒன்றரை செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வளையும். ஏழடியில் அதே நெருக்கத்தில் துணி மாட்டினால் ஐந்து செ.மீ.க்கு மேல் வளைவது மட்டுமில்லை, துணியை எடுத்த பிறகும் வளைந்தபடியே நின்றுவிடும் அளவுக்கு அழுத்தம் ஏறும். மூன்றடிக்கு ரெண்டு மி.மீ. கூட இல்லை. மூன்றடிதான் நான் வைக்கும் எல்லை, நாலடி தாண்டினால் நடுத்தாங்கல் இல்லாமல் ராடே போடாதீர்கள்.

---

செங்கோட்டை அண்ணாச்சி எழுதியது:

சரி, கணக்கில் நீங்கள் ஜெயித்தீர்கள். ஆனால் அந்த நடுத்தாங்கலைத்தானே நானும் சொன்னேன், கொக்கி?

---

பாறசாலை இன்ஜினியர் எழுதியது:

கொக்கி ராடைப் பிடிக்கும். கொக்கியை யார் பிடிக்கிறார்கள்? தட்டுதானே. ராடில் தொங்கும் பாரத்தில் பாதிக்கு மேல் தட்டின் நடுவில், அது ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் அதே இடத்தில் போய்த் தொங்குகிறது. மேலே மடித்த துணி, கீழே மாட்டிய துணி ரெண்டும் ஒரே பலகைக்கு. நடுவில் தாங்க வேண்டுமென்றால் அது பின்சுவருக்கோ தரைக்கோ போய்ச் சேர வேண்டும், இன்னொரு பலகையில் போய் முடியக் கூடாது.

---

இழைப்புளி எழுதியது:

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளும்.

தங்கச்சி, உங்கள் ஆசாரியைக் குறை சொல்ல வேண்டாம். நடுவில் பலகை நிற்கக் கூடாது என்று முதலில் கேட்பது பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான். போனில் படம் பார்த்துவிட்டு வந்து காட்டுவார்கள். படத்தில் இருக்கும் அலமாரியில் ஆறு சட்டை தொங்கும்.

நான் செய்வது நிற்கும் பலகை. ஏழடி என்பது 84 இஞ்ச். ரெண்டு ஓரத்தில் ரெண்டு, நடுவில் ரெண்டு, ஆக நாலு பலகை நிற்கும். ஒவ்வொன்றும் முக்கால் இஞ்ச் என்றால் மூன்று இஞ்ச் போய்விடும், மிச்சம் 81. மூன்றால் வகுத்தால் சரியாக 27 இஞ்ச் கண் மூன்று. பாரம் முழுவதும் நேராகத் தரைக்கு இறங்கும். சுவரில் ஒரு ஆணி கூட பாரம் தாங்க வேண்டியதில்லை, பலகை முன்னால் சாயாமல் பிடிப்பது மட்டும்தான் சுவருடைய வேலை. ஹாலோ பிளாக்கை நம்பி எவனும் பாரம் ஏற்றக் கூடாது.

தட்டு வைக்கும் இடத்தில் நிற்கும் பலகையில் ரெண்டு நூல் ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுப்பேன். தட்டின் ஓரம் முழுக்க அந்தக் காடிக்குள் உட்காரும், ஆழம் 22 இஞ்ச் என்றால் 22 இஞ்சும் தாங்கல்தான். திருகு போட்டால் ரெண்டு மூன்று இடத்தில் மட்டும் பிடிக்கும். காடி எடுக்க நேரமில்லை என்பவர்கள் ஒரு இஞ்சுக்கு ஒரு இஞ்ச் ரீப்பர் கட்டையைப் பெவிகால் தடவித் திருகி, அதன் மேல் தட்டை வைக்கலாம், அதுவும் நல்ல வேலைதான். நான் ஒத்துக்கொள்ளாதது அந்தப் பிளாஸ்டிக் குமிழ், துளையில் செருகி நாலு மூலையில் தட்டு வைப்பது. புத்தகம் வைக்கலாம், ரேஷன் கார்டு வைக்கலாம். பட்டுச்சேலை அடுக்கு வைக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு. மேல் தோலின் நார் எட்டடி பக்கமாக ஓடும். அந்தப் பக்கம் வளையாது, நாலடி பக்கம் சுலபமாக வளையும். தட்டு வெட்டும்போது அதன் நீளம் நார் ஓடும் பக்கமாக வர வேண்டும். துண்டு மிச்சமாகிறதே என்று குறுக்கே வெட்டித் தருகிறவர்கள் உண்டு, மைக்கா ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. வெட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

நல்ல வேளையாக உங்கள் அளவு ஷீட்டுக்கு அழகாகப் பொருந்துகிறது. எட்டடியில் 27 இஞ்ச் மூன்று வரும், நாலடியில் ரெண்டு வரிசை. ஒரு ஷீட்டில் ஆறு தட்டு. நிற்கும் பலகை ஒரு ஷீட்டுக்கு ரெண்டு, அது ரெண்டு ஷீட். ஆக மூன்று ஷீட்டில் உள்வேலை முடிந்தது. உங்கள் ஆசாரி திட்டத்தில் ஏழடித் தட்டு மூன்றுக்கு ஒன்றரை ஷீட் ஆகும். வித்தியாசம் ஒன்றரை ஷீட் விலைதான். எட்டு நூல் பலகை வாங்கும் காசு அதைவிட ஒன்றும் குறைவாக இருக்காது.

---

குழித்துறைக்காரி எழுதியது:

அண்ணே, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். நிற்கும் பலகை தரையில் நின்றால் மாப் போடும் தண்ணீர் ஊறாதா? எங்கள் பக்கம் சிதல் (கறையான்) தொல்லையும் உண்டு. ரப்பர் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது.

---

இழைப்புளி எழுதியது:

நேரே தரையில் நிறுத்தக் கூடாது. பூச்சு முடியவில்லை என்றீர்களே, இப்போதே மேஸ்திரியிடம் சொல்லி அந்த இடத்தில் மூன்று இஞ்சுக்குச் செங்கல் மேடை கட்டி மேலே டைல்ஸ் ஒட்டிவிடுங்கள். பலகை அதன் மேல் நிற்கும். மேடை முன்விளிம்பு கதவுக்கு ரெண்டு இஞ்ச் உள்ளே இருந்தால் கால்விரல் இடிக்காது. பலகையின் அடிவிளிம்பு வெட்டுப்பக்கம் என்பதால் தண்ணீர் உறிஞ்சும், அதில் ரெண்டு கோட்டிங் வார்னிஷாவது பெயிண்டாவது அடித்துவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மைக்கா மேலே ஒட்டுகிறோமே என்று அடியை விட்டுவிடுவார்கள்.

பலகை வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை பாருங்கள். எம்.ஆர். கிரேடு (ஈரத்தை ஓரளவே தாங்கும் ரகம்) என்று எழுதியது நம் ஊர் மழைக்கு ஆகாது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, ரெண்டையும் வாங்குகிற மாவட்டம் இது. பெரும்பாவூர் பக்கத்திலிருந்து வரும் பிளைவுட்டில் உள்ளே ரப்பர் மரம் இருக்கும், அதில் தப்பில்லை, மருந்து ஏற்றியதாக இருக்க வேண்டும். மருந்து ஏற்றாத ரப்பர் மரம் வண்டுக்குப் பந்திச் சாப்பாடு.

---

பரதராமி எழுதியது:

நான் குடியாத்தம் தாண்டி ஆந்திர எல்லையில் இருக்கிறேன். பலகைக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்? எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் கடப்பைக் கல் தட்டுதான். சிதல் இல்லை, ஈரம் இல்லை, தொய்வும் இல்லை. சுவர் கட்டும்போதே ரெண்டு இஞ்ச் உள்ளே செருகிவிட்டால் பேரன் காலம் வரை நிற்கும். ராடு மட்டும் கல்லில் முடுக்க வராது, பக்கச் சுவரில் கட்டை வைத்து மாட்டிக்கொள்வோம்.

---

பாறசாலை இன்ஜினியர் எழுதியது:

கடப்பைக் கல் நல்ல யோசனைதான், உங்கள் ஊரில் விலையும் கட்டும். ஆனால் கல் தொய்யாது என்பதை நல்ல குணமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பலகை இறங்கி இறங்கி எச்சரிக்கும். கல் எதுவும் சொல்லாமல் ஒரு நாள் ரெண்டாகும். ஐந்துக்கு ரெண்டு அடி, ஒரு இஞ்ச் கல்லே 60 கிலோ வரும். அதனால்தான் பழைய கொத்தனார்கள் ஒவ்வொரு மூன்றடிக்கும் நடுவில் ஒரு கல்லை நிறுத்தி வைப்பார்கள். கல்லுக்கும் அதே கதைதான், நிற்கும் தாங்கல்.

ஏற்கெனவே கல் தட்டு இருக்கும் வீட்டில் ராடு மாட்டுகிறவர்கள் கல்லில் கீழிருந்து துளை போட்டு ஆங்கர் அடிக்க வேண்டாம். மெல்லிய கல், அடியில்தான் இழுவிசை வரும், துளையிலிருந்து விரிசல் கிளம்பும்.

---

கோபாலபுரம் எழுதியது:

இழையைத் திசை திருப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். பொள்ளாச்சி தாண்டி எல்லைச் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், பழைய வீடு, வெட்டுகல் சுவர். அலமாரி கிடையாது. சுவரில் பிராக்கெட் அடித்து ஒரு தட்டும் அதற்கடியில் ராடும் போடலாமென்று பார்க்கிறேன். நிற்கும் பலகைக்கு இடமில்லை, கீழே நெல் மூட்டை வைப்போம். நாலடி நீளம்தான். என்ன பிராக்கெட் போடுவது?

---

பாறசாலை இன்ஜினியர் எழுதியது:

கடையில் தட்டையும் ராடையும் சேர்த்துத் தாங்கும் பிராக்கெட் கிடைக்கும். மேல் கையில் தட்டு உட்காரும், நுனியில் ராடுக்கு வளைவு இருக்கும். நாலடிக்கு மூன்று போடுங்கள், ஓரத்திலிருந்து அரையடி உள்ளே ரெண்டு, நடுவில் ஒன்று.

எல் வடிவ பிராக்கெட்டில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்றால் நீளமான கை சுவரோடு இருக்க வேண்டும். தட்டு ஆழமாக இருக்கிறதே என்று நிறையப் பேர் தலைகீழாக மாட்டுகிறார்கள். ராடு சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்கும், இல்லாவிட்டால் ஹேங்கர் சுவரில் இடிக்கும். ஒரு பிராக்கெட்டில் 20 கிலோ அப்படி ஒரு அடி தள்ளித் தொங்கினால், சுவரோடு இருக்கும் கை 10 இஞ்ச் என்றால் மேல் திருகைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு 24 கிலோ. கை 6 இஞ்ச் என்றால் அதே பாரம் 40 கிலோ இழுக்கும். நுனிக்கும் சுவருக்கும் குறுக்கே சாய்வுக் கம்பி வைத்த பிராக்கெட்டாக வாங்குங்கள், இல்லாவிட்டால் திருகு பிடித்தாலும் பிராக்கெட் கை தாழும்.

வெட்டுகல் மென்மை. ஒன்றரை இஞ்ச் பிளக் (திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் உறை) பூச்சில் மட்டும் பிடித்து, கல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். நாலு இஞ்ச் நீளமான பிளக் போடுங்கள். துளை போடும்போது டிரில்லில் ஹேமரை அணைத்துவிட்டுச் சும்மா சுற்ற விடுங்கள். ஹேமர் ஓடினால் துளை பெரிதாகிப் பிளக் சுற்றும். முடிந்தால் நாலடிக்கும் ஒரு தேக்கு ரீப்பரை முதலில் சுவரில் ஐந்தாறு இடத்தில் முடுக்கி, பிராக்கெட்டின் மேல் திருகை அந்த மரத்தில் போடுங்கள். பாரம் ஒரு துளையில் நில்லாமல் பரவும்.

---

வாடகைவீட்டுக்காரன் எழுதியது:

நாகர்கோவிலில் வாடகை வீடு. சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரம்மா அட்வான்ஸில் பிடிப்பார். ரெடிமேடாக வாங்கிய பார்ட்டிகிள் போர்டு அலமாரி, நாலடி அகலம், தட்டு கண்ணுக்குத் தெரியும்படி இறங்கிவிட்டது. ராடு சாக்கெட்டும் ஒரு பக்கம் திருகோடு பிடுங்கி வந்துவிட்டது. தூக்கிப் போட மனசில்லை. வழி உண்டா?

---

இழைப்புளி எழுதியது:

உண்டு தம்பி. தட்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், வளைவு மேலே வரும், பாரம் ஏறினால் கொஞ்ச நாளில் நேராகும். அது தற்காலிகம்தான். திருப்பிப் போட்டவுடன் முன்விளிம்பில் ஒன்றரை இஞ்ச் அகலத் தேக்கு ரீப்பரை நிமிர்த்தி, தட்டின் மேல்மட்டத்தோடு சமமாக, பெவிகால் தடவித் திருகுங்கள். பின்விளிம்புக்கு அடியிலும் ஒரு ரீப்பர், அது முதுகுப் பலகையோடு ஒட்டி நிற்கட்டும். ரெண்டு தட்டுக்கு நடுவில் சரியான உயரத்தில் ஒரு பலகைத் துண்டை நிறுத்தினால் இன்னும் நல்லது, அது எல்லாத் தட்டிலும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து அடிப்பலகை வரை போக வேண்டும்.

சாக்கெட்டுக்கு அதே துளையில் தீக்குச்சி வைத்து அடைத்துத் திருகுவார்கள், பார்ட்டிகிள் போர்டில் அது ஒரு மாசம் கூட நிற்காது. உள்ளே தூளாகப் போயிருக்கும். மூன்று இஞ்ச் அகலம், ஒரு அடி நீளத்தில் ஒரு மரக்கட்டை எடுத்து, மேல்விளிம்பில் ராடு உட்கார யூ மாதிரி ஒரு வெட்டு போடுங்கள். கட்டையைப் பக்கப் பலகையில் பசையோடு நாலைந்து இடத்தில் திருகுங்கள். ராடு வெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். சாக்கெட்டே வேண்டாம். துணி மாற்றும்போது ராடை அப்படியே தூக்கி எடுக்கலாம். பழைய தறவாட்டு (பூர்வீகக் குடும்ப) வீடுகளில் கொடிக்கம்பு இப்படித்தான் வைத்திருப்பார்கள்.

---

பாறசாலை இன்ஜினியர் எழுதியது:

ஆசாரி அண்ணன் சொல்லும் முன்விளிம்பு ரீப்பர் எவ்வளவு உதவும் என்று கேட்பார்கள். 18 மி.மீ. பிளைவுட் தட்டில் ஒன்றரை இஞ்ச் தேக்கு பட்டியை நன்றாக ஒட்டினால் தொய்வு கிட்டத்தட்ட பாதியாகும். பார்ட்டிகிள் போர்டு பிளைவுட்டைவிட மூன்றில் ஒரு பங்கு விறைப்புதான், அதனால் அதில் பட்டியின் உதவி இன்னும் அதிகமாகத் தெரியும். பெவிகால் இல்லாமல் ஆணி மட்டும் அடித்தால் இந்தக் கணக்கு செல்லாது, ரெண்டும் தனித்தனியாக வளையும்.

---

செங்கோட்டை அண்ணாச்சி எழுதியது:

ராடு விஷயத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் கடையில் 202 என்கிற மட்ட ரகத்தை எடுத்துக் கொடுப்பார்கள், 304 என்று கேட்டு வாங்குங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடல்காற்று அடிக்கிற வீடுகளில் 202 பைப்பில் பழுப்புப் புள்ளி வரும், வெள்ளை வேட்டியில் அது ஒட்டினால் போகாது. திரைச்சீலைக்கு விற்கிற தங்கக்கலர் பைப்பைத் துணி ராடுக்குப் போடவே கூடாது, அது தகரத்துக்குக் கொஞ்சம் மேல். தகடு தடிமனை விரலால் பார்க்க முடியாது, வெட்டின முனையைப் பாருங்கள், இல்லாவிட்டால் எடை போடச் சொல்லுங்கள்.

இழைப்புளி ஆசாரி தறவாடு என்றதும் எங்கள் தாத்தா வீட்டு ஞாபகம். செங்கோட்டையும் முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிதான், வேலைப்பாடு எல்லாம் உங்கள் பக்கத்து மாதிரியே இருக்கும். தாத்தா வீட்டு மரப்பெட்டியின் காடி இன்றைக்கும் ஒரு நூல் விலகவில்லை.

---

குழித்துறைக்காரி எழுதியது:

எல்லாவற்றையும் ஆசாரியிடம் படித்துக் காட்டினேன். முதலில் முகம் சுருங்கியது, ஷீட் கணக்கு கேட்டதும் சிரித்துவிட்டார். மூன்று கண்ணுக்குச் சம்மதம். காடியும் எடுத்துத் தருகிறாராம். இனி உயரம் முடிவு செய்ய வேண்டும். இடது கண் இவருக்கு, நடுக்கண் எனக்கு, வலது கண் முழுக்கத் தட்டு. மேலே ஒன்று கீழே ஒன்று என்று ரெண்டு ராடு போட உயரம் போதுமா? சேலைக்கு எவ்வளவு விட வேண்டும்?

---

மீனச்சில் மருமகள் எழுதியது:

நான் பிறந்தது மார்த்தாண்டம், வாழ்க்கைப்பட்டது கேரளத்தில் பாலா என்கிற ஊர். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், சேலை என்றதும் வந்துவிட்டேன்.

ஐந்தரை மீட்டர் சேலையை நீளவாக்கில் நாலு தடவை ரெட்டை மடிப்பாக மடித்தால் ஒரு அடிக்குச் சற்று மேல் வரும், ஹேங்கருக்குள் அடங்கும். அகலம் 46 இஞ்ச் பாதியாகத் தொங்கும்போது 23. கொக்கியோடு சேர்த்து 30 இஞ்ச் விட்டால் தாராளம். சட்டைக்கு 38 வேண்டும். மேடை போக உங்களுக்கு 81 இஞ்ச் இருக்கிறது. மேல் ராடை பெர்த்துக்கு மூன்று இஞ்ச் கீழே வையுங்கள், அதற்குக் குறைந்தால் ஹேங்கரைத் தூக்கி எடுக்க வராது. அதிலிருந்து 40 இஞ்ச் கீழே அடுத்த ராடு, அடியில் 38 மிச்சம். ரெண்டு வரிசைச் சட்டை தொங்கும். மேல் ராடு உங்களுக்கு எட்டாது அக்கா, எனக்கும் எட்டாது. அது இவர்களுக்கே இருக்கட்டும்.

உங்கள் நடுக்கண்ணில் ஒரே ராடு, உங்கள் பார்வை மட்டத்தில் போடுங்கள், அடியில் தட்டோ டிராயரோ வையுங்கள். கனமான ஜரிகைப் பட்டை ராடில் நிரந்தரமாகத் தொங்கவிட வேண்டாம். முகூர்த்தப்பட்டு ஒரு சேலையே முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று இருக்கும், மடிப்புக் கோட்டில் ஜரிகை ஒடியும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றித் தட்டில் வைத்து, சில மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள். தட்டு தொய்யாமல் இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான், நடுவில் குழிந்தால் மேல் அடுக்கின் பாரம் முழுவதும் ஒரே மடிப்பில் விழும்.

---

கோபாலபுரம் எழுதியது:

பிராக்கெட் மாட்டியாயிற்று. ரீப்பர் வைத்ததுதான் நல்ல காரியம், ரெண்டு துளையில் பிளக் சுற்றியும் மற்றவை பிடித்துக்கொண்டன. நன்றி சார்.

---

குழித்துறைக்காரி எழுதியது:

கடைசியாக ஒன்று. முதுகுப் பலகை வைக்கவா, சுவரையே விட்டுவிடவா? ஆசாரி 6 மி.மீ. பிளைவுட் அடித்துவிடலாம் என்கிறார்.

---

பாறசாலை இன்ஜினியர் எழுதியது:

வையுங்கள். மெல்லிய பலகைதான், ஆனால் நாலு நிற்கும் பலகையையும் ஒரே சட்டமாகக் கட்டிப்போட்டு, பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பது அதுதான். தட்டின் பின்விளிம்பையும் அதன் வழியே திருகினால் அந்த விளிம்பு இறங்காது. வெளிச்சுவர் என்றால் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் முக்கால் இஞ்ச் ரீப்பர் வைத்து இடைவெளி விடுங்கள், மழையில் சுவர் ஈரம் துணிக்கு வராது. பூச்சு வேலைக்கு முன்னால் மேல்வரிசை ஹாலோ பிளாக்கில் நாலு பொந்தைக் கான்கிரீட் போட்டு அடைத்து, இடத்தைக் குறித்து வையுங்கள். பலகையைச் சுவரோடு கட்டும் திருகுகள் அங்கே விழட்டும், வெறும் பொந்தில் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும்.

---

இழைப்புளி எழுதியது:

ராடு வெட்டக் கொடுக்கும்போது 27 இஞ்ச் என்று சொல்லிவிடாதீர்கள். மைக்கா ஒட்டிய பிறகு உள்ளளவு குறையும். பலகை எல்லாம் நிறுத்தி, மைக்காவும் ஒட்டி முடிந்த பிறகு மூன்று கண்ணையும் தனித்தனியாக அளந்து, ஒரு நூல் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே அளவாக இருக்காது, எந்த ராடு எந்தக் கண்ணுக்கு என்று பென்சிலில் குறித்து வையுங்கள்.